அழகுராஜா கட்டிய கார்

அழகுராஜா முதன்முதலில் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தது தாளில்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சிவகாசியில் கனகசபாபதி முதலாளியின் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேனுக்குக் கையாளாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆடி முடிந்து காலண்டர் சீசன் சூடுபிடித்த நேரம். மும்பையிலிருந்து ஒரு டயர் வியாபாரி மாதத்துக்கு ஒரு கார் என்று பன்னிரண்டு கார் போட்ட காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். கலர் ஒன்றோடொன்று சரியாகச் சேருகிற வரைக்கும் நூறு இருநூறு தாள் வீணாகப் போகும். அந்தத் தாள்களில் ஹெட்லைட் ஒரு பக்கமும் கண்ணாடி ஒரு பக்கமும் விலகி நின்றன. கார் நிஜமாகவே ஓடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. மற்றவர்கள் அந்தத் தாளில் வடை மடித்தார்கள். அவன் சுருட்டிக் கக்கத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினான்.

டயர் வியாபாரியின் ஆர்டர் வருடா வருடம் வந்தது. அழகுராஜா கையாளிலிருந்து மெஷின்மேன் ஆனான். பிறகு பிரஸ்ஸில் எந்த மெஷின் நின்றாலும் கூப்பிடுகிற ஃபிட்டர் ஆனான். ஜெர்மன் மெஷினின் கியரைக் கழற்றி, தேய்ந்த பல்லைப் பார்த்து, விருதுநகர் லேத்தில் அதே மாதிரி ஒன்று வெட்டி வாங்கி மாட்டிவிடுவான். இன்ஜினீயர் சென்னையிலிருந்து பஸ் ஏறி வருவதற்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஐ.டி.ஐ. படிப்புதான். ஆனால் இரும்பு அவன் சொல்பேச்சு கேட்கும் என்று பிரஸ்ஸில் சொல்வார்கள்.

முப்பத்திரண்டாவது வயதில், கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி சண்முகத்தாயிடம் சொன்னான்.

"ஒரு கார் செய்யலாம்னு இருக்கேன்."

"வாங்கலாம்னா?"

"செய்யலாம்னு."

சண்முகத்தாய் ரசத்தை ஊற்றினாள். அவள் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பேச்சை அளந்து பேசுகிறவள். "எம்புட்டு நாளாகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வருசம்."

ஒன்பது வருடம் ஆயிற்று.

அவளுடைய தம்பி செல்லப்பாண்டிக்கு விஸ்வநத்தத்தில் ஒரு பழைய கிடங்கு இருந்தது. முன்பு பட்டாசுக்கான காகிதக் குழாய்களை அதில் அடுக்கியிருந்தார்கள். இப்போது காலியாகக் கிடந்தது. பின்சுவருக்கு அந்தப்புறம் சண்முகத்தாய் வேலை பார்த்த அதே கம்பெனி. "வச்சிக்கிடுங்க அத்தான், சும்மாதான கெடக்கு" என்று செல்லப்பாண்டி சாவியைக் கொடுத்தான்.

கூட்டாளியாக வந்தவன் அப்துல் ஹக்கீம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஃபைபரில் கதவு, குப்பைத்தொட்டி, பூங்காவுக்குச் சறுக்குப் பலகை எல்லாம் வார்த்துக் கொடுப்பது அவன் தொழில். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அரை நிமிடம் சிரித்தான். பிறகு, "ஏலே அழகு, பாடி எங்கிட்ட விட்ரு. வேற எவனாவது கைய வச்சான்னா நடக்கிறதே வேற" என்றான்.

இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் சட்டம் கட்டவே ஒரு வருடம் பிடித்தது. மூன்று தடவை கட்டிப் பிரித்தார்கள். கிடங்கில் களிமண்ணைக் குவித்து ஹக்கீம் காரின் உருவத்தைக் கையால் தடவித் தடவிச் செய்தான். பிறகு அதிலிருந்து அச்சு எடுத்தான். கண்ணாடி இழைத் தூசி இருவரின் கழுத்திலும் முழங்கையிலும் குத்தி, வாரக்கணக்கில் சொறிந்துகொண்டே திரிந்தார்கள். ஹக்கீமின் அம்மா குல்சார் பேகம் தேங்காய் எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். "காரு செய்யுறீகளா, இல்ல சொறிசிரங்கு செய்யுறீகளாப்பா?" என்று கேட்பார்.

விபத்தில் நசுங்கிய ஒரு காரின் எஞ்சினை மதுரையில் பிடித்தார்கள். அதைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, காற்று உள்ளே போகும் வழியை அகலப்படுத்தி, நான்காவது வருடம் பங்குனியில் அழகுராஜா அதை ஓடவைத்தான். சட்டத்தில் இருக்கை கிடையாது. எஞ்சினும் நான்கு சக்கரமும்தான். உறுமல் கிடங்கின் தகரக் கூரையை அதிரவைத்தது. ஹக்கீம் வாயைத் திறந்து ஏதோ கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. அழகுராஜா கையை எஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தான். சுட்டது, எடுக்கவில்லை.

அந்த எஞ்சின் பத்து மாதம்தான் அந்த வண்டியில் இருந்தது.

கனகசபாபதி முதலாளியின் மகன் மகேஷ்குமார் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தான். பிரஸ்ஸும் பட்டாசுக் கம்பெனியும் பார்த்துக்கொள்கிற பையன். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, அந்தக் கார் ஒன்றுதான். அதை ஊருக்குள் ஓட்டவும் முடியாது. சிவகாசி வேகத்தடைகளில் அடிவயிறு தட்டும். வீட்டுக் கொட்டகையில் போர்வை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஒருநாள் காலையில் அதன் கதவே திறக்கவில்லை. உள்ளே பேட்டரி செத்துவிட்டது. கதவு மின்சாரத்தில் திறப்பது. பெங்களூரிலிருந்து ஆள் வர நான்கு நாளாகும் என்றார்கள். மகேஷ்குமார் அழகுராஜாவுக்கு ஆள் அனுப்பினான்.

முன்சக்கரத்துக்கு மேலே இருந்த ஒரு சிறு மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பியைக் கண்டுபிடித்து இழுத்தான் அழகுராஜா. கதவு திறந்தது. மகேஷ்குமாருக்கு ஒரே சந்தோஷம்.

"ஏறி உக்காருங்கண்ணே."

"வேட்டி எல்லாம் கிரீஸா இருக்கு தம்பி."

"பரவாயில்ல, உக்காருங்க."

பன்னிரண்டு மாதமும் தாளில் பார்த்ததை அன்றுதான் தொட்டான். இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே கொட்டகையின் சுவர் மட்டும் தெரிந்தது. மீட்டரில் மொத்தம் ஓடிய தூரம் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்று இருந்தது.

"இந்த மாதிரி எஞ்சின் இதோட முடிஞ்சிருச்சுண்ணே" என்றான் மகேஷ்குமார். போனை எடுத்துக் காட்டினான். பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் இனி பேட்டரிக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்த செய்திகள். ஒரு பேட்டரிக் கார் நின்ற இடத்திலிருந்து இரண்டு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அழகுராஜா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். "இன்னும் பத்து வருசத்துல பெட்ரோல்ல ஸ்போர்ட்ஸ் காரே இருக்காதாம். இது சும்மா பொம்மை மாதிரி நிக்கப்போகுது பாருங்க."

அந்த வருடம் மும்பைக்காரரின் காலண்டரிலும் பன்னிரண்டில் ஏழு கார்களுக்குப் புகைக்குழாய் இல்லை. அழகுராஜா கிடங்குக்குப் போய் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்கு வருடம் கழித்து முடியப்போகிற வண்டி, முடிகிற அன்றைக்கே பழையதாகிவிடும் என்று பட்டது. ஒரு வாரம் கழித்து எஞ்சினை இறக்கினான். ஹக்கீம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில், "சரி, பேட்டரி எங்கன வைக்கணும்னு சொல்லு. தரைய மாத்தி வார்க்கணும்ல" என்றான்.

மோட்டாரும் பேட்டரியும் கோயம்புத்தூரில் கிடைத்தன. மழைவெள்ளத்தில் கைவிடப்பட்ட ஒரு மின்சாரக் காரிலிருந்து எடுத்தவை. பேட்டரி மட்டும் முந்நூறு கிலோ. அதன் உள்ளே ஆயிரக்கணக்கான சிறு செல்கள். ஒவ்வொன்றையும் சோதித்து, கெட்டதைத் தள்ளி, நல்லதைத் திரும்ப அடுக்க அழகுராஜாவுக்கு எட்டு மாதம் பிடித்தது. பிரஸ்ஸிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு நேரே கிடங்குக்குப் போய்விடுவான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் யாரோ வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் பேசுகிற வீடியோவை, சத்தத்தை அணைத்துவிட்டு, கையை மட்டும் பார்ப்பான்.

முதன்முறை பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிய மறுநாள் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் பாண்டிமுருகன் கிடங்குக்கு வந்தார். வெளியிலேயே நின்றார். செல்லப்பாண்டி யாரிடமோ பெருமையாகச் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதீக. எங்க ஆளுக உள்ள நொழையும்போது செம்புத் தகட்டத் தொட்டு, ஒடம்புல இருக்க கரண்ட எறக்கிட்டுத்தான் வாராக. செல்போனக் கேட்டுலயே வாங்கி வச்சிருதோம். பொம்பளயாளுகள நூல்சேலை கட்டித்தான் வரச் சொல்லுதோம். நீங்க செவத்துக்கு இந்தப் பக்கம் முந்நூறு கிலோ பேட்டரிய வச்சுக் கரண்டு ஏத்துறீக."

"வெடிக்காது பாண்டிமுருகன். ஒவ்வொரு செல்லா நான் பாத்திருக்கேன்."

"எங்க வெடிமருந்தையும் நாங்க ஒவ்வொரு கிண்ணமாத்தான் பாக்கோம்" என்றார் அவர்.

அழகுராஜா அன்று வீட்டுக்குப் போய் நடந்ததைக் கோபமாகச் சொன்னான். பேட்டரியைப் பற்றித் தெரியாதவர்கள் பயப்படுவதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றான். சண்முகத்தாய் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய அவுக ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னைக்கு எல்லாரும் செவத்தப் பாத்துக்கிட்டே வேல செஞ்சாளுக. நாப்பத்தாறு பேரு உக்காந்திருக்கோம். நானும் அங்கனதான இருக்கேன்?"

அவள் உட்கார்கிற இடம் அந்தச் சுவரிலிருந்து முப்பதடி. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவன் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

கிடங்கைக் காலிசெய்தான். வேறு இடம் தேடினார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு தோட்டம் கிடைத்தது. இரண்டு வயல் தள்ளிப் பட்டாசு ஆலை. திருத்தங்கலில் ஒரு கொட்டகை. பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனி. எந்த ஊரில் கேட்டாலும் சுற்றிலும் மருந்து இருந்தது. கடைசியில் சாத்தூரைத் தாண்டி இருக்கன்குடிக்குப் போகிற வழியில், மூடிக்கிடந்த ஒரு செங்கல் சூளையில் இடம் கிடைத்தது. காரைத் தார்ப்பாய் போட்டு மூடி லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு நடந்துபோகிற கூட்டம் வழிவிட்டது. தார்ப்பாய்க்குள் சாமி சிலை போகிறது என்று நினைத்து ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

சூளையில் மின்சாரம் அடிக்கடி போகும். பிரஸ்ஸிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டில் அழகுராஜாவைப் பார்ப்பதே அரிதாயிற்று. மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டும் என்று அவனும் சண்முகத்தாயும் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு நின்றுபோனது. சண்முகத்தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுத் தூக்கோடு பஸ்ஸேறிச் சூளைக்கு வருவாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, அவன் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். எண் பார்த்து எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வண்டி முடிந்தது போன வருடம் தை மாதம். சாத்தூர் பக்கத்தில் ஒரு ரியல் எஸ்டேட்காரர் பிளாட் போட்டு, நேர்கோடாகத் தார்ச்சாலை போட்டு, பெயர்ப்பலகையும் வைத்திருந்தார். ஒரு வீடும் வரவில்லை. தொள்ளாயிரம் மீட்டர் சாலை ஆடு மேய்கிற காட்டுக்கு நடுவில் கிடந்தது. காவல்காரர் ஹக்கீமுக்குத் தெரிந்தவர். ஒருநாள் காலை ஏழு மணிக்கு அங்கே வண்டியை இறக்கினார்கள்.

அழகுராஜா தலையைக் குனிந்து, காலை மடக்கி உள்ளே நுழைந்தான். ஹக்கீம் சாலையின் மறுகோடியில் போனோடு நின்றான். அழகுராஜா காலை அழுத்தினான். அப்புறம் நடந்ததை அவனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேப்பமரங்கள், கம்பங்கள், பிளாட் எண் எழுதின கற்கள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து இருபக்கமும் ஓடின. எஞ்சின் சத்தம் இல்லை. ஜல்லி தெறித்து அடிப்பாகத்தில் படபடவென்று அடிக்கிற சத்தம், பிறகு காற்று. சாலை தீர்ந்துபோகிறது என்று தெரிந்து பிரேக்கை மிதித்தபோது உதடு உலர்ந்திருந்தது. வண்டிக்குள் வைத்திருந்த போன் நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று காட்டியது. ஹக்கீம் ஓடிவந்து வண்டியின் மூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

சண்முகத்தாயை ஏற்றி ஒருமுறை ஓட்டினான். அவள் கண்ணை மூடவில்லை. இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லாருக்கு" என்றாள். "சத்தமே இல்லாம போச்சா, அதான் பயந்துட்டேன். வெடிக்கிறதுக்கு முந்தி இப்பிடித்தான் ஒரு சத்தமும் இருக்காது."

ஹக்கீம் எடுத்த வீடியோ நான்கு நாளில் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. பிரஸ்ஸில் எல்லாரும் கைகொடுத்தார்கள். கனகசபாபதி முதலாளியே கூப்பிட்டு, "நம்ம பிரஸ் ஆளா நீ, சொல்லவே இல்லையே" என்றார். மகேஷ்குமார் சூளைக்கே வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, நான் காச வச்சு வாங்குனேன். நீங்க செஞ்சிருக்கீக" என்றான். பிறகு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஆனா பெட்ரோல் எஞ்சின எடுத்திருக்க வேண்டாமோன்னு இருக்குண்ணே. பேட்டரி ஸ்போர்ட்ஸ் கார யாரும் வாங்க மாட்டேங்குறாகளாம். சத்தம் இல்லாத வண்டி எதுக்குன்னு கேக்குறாகளாம். கம்பெனிக்காரங்க சிலபேரு திரும்ப எஞ்சினுக்கே போறோம்னு சொல்லிட்டாங்க. நான் அன்னைக்குச் சொன்னத நம்பி..."

"நீங்க என்ன செய்வீக தம்பி" என்றான் அழகுராஜா. "அவுகளுக்கே தெரியலையே."

மகேஷ்குமார் தன் காரைப் போன மாதமே விற்றுவிட்டதாகச் சொன்னான். வாங்கினவர் ஹைதராபாத்தில் இருக்கிறார். அவரும் ஓட்டுவதற்கு வாங்கவில்லை. இனிமேல் கிடைக்காது என்று வாங்கி வைத்திருக்கிறார்.

நம்பர் வாங்கினால்தான் வண்டியைச் சாலையில் ஓட்ட முடியும். விருதுநகரில் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு மகேஷ்குமாரே கூட்டிப்போனான். அங்கிருந்த அதிகாரி லட்சுமிகாந்தம் என்ற வயதானவர், வீடியோவை முன்பே பார்த்திருந்தார். எழுந்து நின்று கைகொடுத்தார். டீ வரவழைத்தார். அழகுராஜாவுக்கு நம்பிக்கை வந்தது அந்த டீயால்தான்.

"உக்காருங்க. தயாரிச்ச கம்பெனி எது?"

"நான்தாங்கய்யா. நானும் ஹக்கீமும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய வண்டியில் ஏதாவது மாற்றினால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அடியிலிருந்து புதிதாகக் கட்டினால் அது புது மாடல். புது மாடல் என்றால் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும். பிரேக், விளக்கு, பேட்டரி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அழகுராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எல்லாவற்றிலும் அவன் வண்டி தேறும்.

"அப்புறம் மோதிப் பாப்பாங்க" என்றார்.

"என்னதுங்கய்யா?"

"வேகமா ஓடவிட்டு ஒரு கட்டையில மோதவிடுவாங்க. உள்ள இருக்கவங்களுக்கு அடிபடுமான்னு பாக்க. முன்பக்கம் ஒரு தடவ, பக்கவாட்டுல ஒரு தடவ. அதுக்கு ரெண்டு வண்டியாவது கொடுக்கணும்."

அழகுராஜா மேஜையில் இருந்த டீயைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வண்டிதாங்கய்யா இருக்கு."

"தெரியுது."

"அத மோதிட்டா, அப்புறம் எதுக்குங்கய்யா நம்பர்?"

லட்சுமிகாந்தம் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "சட்டம் கம்பெனிகளுக்காக எழுதினது தம்பி. ஒரு ஆள் ஒரு வண்டி செய்வான்னு எழுதினவங்க யோசிக்கல" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். யாராவது பெரிய கம்பெனியோடு சேர்ந்துகொள்ளச் சொன்னார். மகேஷ்குமார் மூன்று கம்பெனிகளுக்கு எழுதினான். ஒரு கம்பெனி பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதில் அழகுராஜாவின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. மற்ற இரண்டும் எழுதவில்லை.

பிளாட் சாலையில் ஓட்டலாமென்றால் அதுவும் போனது. வீடியோவைப் பார்த்து இளைஞர்கள் பைக்கில் வந்து பந்தயம் விட, ரியல் எஸ்டேட்காரர் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். ஆடியில் செங்கல் சூளைக்காரர் இடத்தை விற்றார். ஒரு மாதத்தில் காலிசெய்யச் சொன்னார். அந்த ஒரு மாதமும் அழகுராஜா ஊர் ஊராக அலைந்தான். பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் கையை விரித்தார்கள். அவர்கள்மேல் அவனுக்கு இப்போது கோபம் வரவில்லை. அந்த வாரம்தான் ஒரு ஆலையில் விபத்து நடந்து மூன்று பேர் செத்திருந்தார்கள்.

இடம் தருகிறேன் என்று வந்தவர் ஒருவர்தான். சாத்தூரில் கல்யாண ஊர்வல வண்டிகள் வைத்திருக்கும் பாண்டிராஜ். சாரட்டு, மயில் ரதம், இரண்டு குதிரை எல்லாம் அவரிடம் உண்டு. கொட்டகை பெரியது.

"நிறுத்திக்கிடுங்க அண்ணாச்சி, வாடக எதுவும் வேண்டாம். முகூர்த்தத்துக்கு மட்டும் வண்டியக் கொடுங்க. வீடியோ பாத்துட்டு மாப்பிள வீட்டுக்காரக இப்பவே கேக்குறாக. ரெண்டே ரெண்டு விசயம். மாப்பிள நிக்கணும், அதனால மேல்கூர இருக்கக் கூடாது. பேட்டரியும் இருக்கக் கூடாது. முன்னால பத்தாயிரம் வாலா போடுவாக, பொறி பறக்கும். டிராக்டர்ல கட்டி இழுத்துக்கிடலாம்."

அழகுராஜா வீட்டில் வந்து சொன்னான். சண்முகத்தாய், "வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

"சொல்லிட்டு எங்கன கொண்டுபோய் வைக்க? வெயில்லயும் மழையிலயும் போட்டா ஆறு மாசத்துல போயிரும்."

அவளுக்கும் வேறு இடம் தெரியவில்லை.

பேட்டரியை இறக்கி ஹக்கீம் வீட்டின் பின்புறம் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டு வைத்தார்கள். கூரையை வெட்டுகிற நாளில் ஹக்கீம் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தான். கூரையில் கோடு போட்டான். பிறகு மெஷினைக் கீழே வைத்தான்.

"என்னால முடியாதுலே. ஏழு தடவ வார்த்து ஒடச்சு எட்டாவது தடவ வந்த கூர இது."

"தள்ளு" என்றான் அழகுராஜா. அவனே வெட்டினான். கோட்டை விட்டு நூல்கூட விலகவில்லை. வெட்டின கூரையை ஹக்கீம் தன் பட்டறைக்குக் கொண்டுபோனான். என்ன செய்தான் என்று அழகுராஜா கேட்கவில்லை.

ஆவணியில் முதல் முகூர்த்தம் ஏழாயிரம்பண்ணையில். டிராக்டர் கயிறு கட்டி இழுத்தாலும், வண்டியைத் திருப்ப உள்ளே ஒரு ஆள் வேண்டும். அழகுராஜாவே உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் மாப்பிள்ளை தருண்குமார், அந்த ஊர்ப் பலசரக்குக் கடைக்காரரின் மகன், ஷூ காலோடு ஏறி நின்றான். வண்டியைச் சுற்றிச் செவ்வந்தியும் சீரியல் பல்பும் கட்டியிருந்தார்கள். மேளம் முன்னால் போனது. அதற்கு முன்னால் சரம் வெடித்தது. டிராக்டர் பத்தடி போய் நிற்கும். ஆடுகிறவர்கள் ஆடி முடித்ததும் மறுபடி பத்தடி. கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அரைக் கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வெடித்த காகிதம் அவன் மடியிலும் ஸ்டியரிங்கிலும் விழுந்தபடி இருந்தது. அவன் தட்டிவிடவில்லை.

மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் வியர்வையோடு குனிந்து, கதவில் கைவைத்துக் கேட்டான்.

"அண்ணே, சூப்பரா இருக்கு. இது எம்புட்டு ஸ்பீடு போகும்?"

"ஓடாது தம்பி" என்றான் அழகுராஜா. "வெறும் கூடுதான்."

"ஓ, சும்மா செட்டிங்கா?" என்று சொல்லிவிட்டு அவன் ஆடப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் சண்முகத்தாய் சோறு போட்டாள். அவன் சட்டைக் காலருக்குள் சிக்கியிருந்த காகிதத் துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டாள். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவன் வழக்கம்போலப் போனான். ஒரு மெஷினில் பேரிங் போயிருந்தது. மதியத்துக்குள் மாற்றிக்கொடுத்தான். மும்பைக்காரர் இந்த வருடம் கார் காலண்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மலை, அருவி, பூ போதுமாம்.

ஐப்பசியில் ஹக்கீம் வீட்டுப் பேட்டரியில் இரண்டு வரிசை செல்கள் உப்பிவிட்டன. ஆள் இல்லாத பொட்டலில் கொண்டுபோய் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு அவற்றைச் சாகடித்தார்கள். மிச்சத்தையும் வைத்துக்கொள்ள ஹக்கீமின் மனைவி ருக்சானா பயந்தாள். கோயம்புத்தூர்க்காரரே வந்து எடுத்துக்கொண்டு போனார். மோட்டாரையும் கேட்டார். அழகுராஜா யோசிக்காமல் கொடுத்துவிட்டான்.

கார்த்திகையில் நான்கு முகூர்த்தம் வந்தன. அதில் ஒரு வீட்டுக்காரர்களுக்கு வெள்ளை நிறத்தில்தான் வேண்டும் என்று பாண்டிராஜ் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அழகுராஜாவும் ஹக்கீமும் கொட்டகைக்குப் போய், சண்முகத்தாய் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்த நீலத்தின் மேல் வெள்ளை அடித்தார்கள். ஒரு பூச்சில் நீலம் மறையவில்லை. காய்ந்த பிறகு இன்னொரு பூச்சும் அடிக்க வேண்டியிருந்தது.